காணொளி வழியே பேஸ் கிட்டார்

கேள்வி: ஆசிரியர் இன்றி, யூடியூப் பாடங்களை மட்டும் கொண்டு பேஸ் கிட்டார் கற்க இயலுமா?

பதில்: இயலும், ஆயினும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியை நம்பிக் கற்காதீர்கள். இவ்வாத்தியத்தின் தடித்த தந்தியாகிய ஈ, விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகளே கொண்ட மந்தர ஸ்தாயி நாதத்தை எழுப்புவதாகையால், அதன் ஆதார ஸ்வரம் அச்சிறு ஒலிபெருக்கியில் செவிக்கு எட்டுவதே இல்லை. நல்ல ஹெட்போன் அவசியம்.

ஆரம்ப மாதங்களில் வேகத்தை நாடாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும் ஒரே ஸ்வரம் மெட்ரோனோமின் தாளத்தோடு பிசகாமல் இணைகிறதா என்பதிலும், மீட்டாத தந்திகள் தாமாக முனகாதபடி அவற்றை விரலால் அடக்கும் பழக்கத்திலுமே சிரத்தை கொள்வது உத்தமம். காணொளி எதையும் தெளிவாகக் காட்டுமே தவிர உங்கள் பிழையைக் காணும் சக்தி அதற்கு இல்லையாதலால், வாசிப்பைப் பதிவு செய்து கேட்பதோடு, அவ்வப்போது தேர்ந்த வாத்தியக்காரர் ஒருவரிடம் மணிக்கட்டின் நிலையைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வளைந்த மணிக்கட்டோடு நெடுநேரம் பழகினால் வலி வரும்.

அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் இசைத்தட்டுகளில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டிய பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனையும் கேளுங்கள். அந்த நடையின் சௌந்தரியம் எந்தப் பாடத்திட்டத்திலும் அகப்படாது. பாடத்தொடர் ஒன்றைத் தேர்ந்தபின், அது முடியும்வரை மற்றொன்றைத் திறவாதீர்கள்.