ஆயிரந் தீவுகளில் வேனிற்காலம்

குளிர்நாட்டு மக்களுக்கு வெயில் ஒரு செல்வம். ஆண்டிற் பல திங்கள் பனியால் மூடுண்டு கிடக்கும் நிலத்தில், கதிரவன் நன்கு காயும் நாள்கள் சிலவே. அந்நாள்களை நகரத்து வீட்டினுள் வீணாக்க யார் உடன்படுவர்? ஆகவே, வேனில் பிறந்ததும் மூட்டை முடிச்சுகளோடு ஆற்றங்கரைக்குச் சென்று, சிறு குடில்களில் தங்கி இன்புற்றிருத்தல் அவர்களுள் பலர்க்கு வழக்கம். அத்தகைய வாழ்வுக்குப் பெயர்பெற்ற ஓரிடம், வட அமெரிக்காவிலுள்ள ஆயிரந் தீவுகள் என்பதாகும்.

ஒன்டாரியோ ஏரியின் நீர் செயின்ட் லாரன்ஸ் ஆறாகப் பெருகி அட்லாண்டிக் பெருங்கடலை அடைகின்றது. அவ்வாறு ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்கு ஆற்றிடையே தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. பெயர் ஆயிரமாயினும் எண்ணிக்கை 1,800-க்கும் மேற்பட்டதாகும். ஒருபுறத்துக் கரை கனடாவைச் சேர்ந்தது. மறுபுறத்துக் கரை அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்தது.

எது தீவு, எது பாறை என்பதற்கு அங்குள்ளார் ஓர் இலக்கணம் கூறுவர். ஆண்டு முழுவதும் நீருக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டு மரங்களேனும் அதன்மேல் வளர வேண்டும். இவ்விரண்டும் உண்டாயின் தீவு. இல்லையேல் வெறும் பாறை. ஒரு தீவில் ஒரே ஒரு வீடு கட்டியதும் இடம் தீர்ந்துவிட்டது. ‘இடம் மட்டாக உள்ள தீவு’ என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டுள்ளனர். வாயிற்படியில் நின்று சோம்பல் முறிப்பவர் சற்றே அயர்ந்தால் ஆற்றில்தான் விழ வேண்டும்!

இரு நாடுகளின் எல்லைக்கோடு இத்தீவுகளினூடே வளைந்து வளைந்து செல்கின்றது. 1822-ஆம் ஆண்டில் எல்லை வகுத்தோர், எத்தீவையும் இரண்டாகப் பிளவாமல் விட்டமையே அவ்வளைவுக்குக் காரணம். ஆயினும், சாவிக்கான் தீவையும் அதன் அருகிலுள்ள சிறு தீவையும் இணைக்கும் குறும்பாலத்தைச் சுட்டி, ‘உலகிலேயே மிகச் சிறிய பன்னாட்டுப் பாலம் இதுவே’ என்று பயணிகளிடம் கதை சொல்வதுண்டு. உண்மையில் அவ்விரு தீவுகளும் கனடாவினுடையனவே. கேட்பவர் மகிழ்கின்றனர், பாலமும் மறுத்துரைப்பதில்லை.

1872-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட் இங்கு விருந்தினராக வந்து சென்றபின், இவ்விடத்தின் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1875-இல் வெல்லஸ்லி தீவின் ஒரு முனையில் ‘ஆயிரந் தீவுப் பூங்கா’ என்னும் வேனிற் குடியிருப்பு, சமயக் கூட்டத்தார்க்கு உரிய இடமாகத் தோன்றிற்று. வந்தவர்கள் முதலிற் கூடாரங்களிலே தங்கினர். நாளடைவில் கூடாரங்கள் இருந்த இடத்தில் அகன்ற தாழ்வாரங்களையுடைய மரவீடுகள் எழுந்தன. 1895-இல் சுவாமி விவேகானந்தர் இக்குடியிருப்பில் ஒரு குடிலில் ஏழு வாரம் தங்கி, மாணவர் சிலர்க்கு நாள்தோறும் பாடம் சொன்னார். அக்குடில் இன்றும் பேணப்பெற்று வருகின்றது.

இங்கு ஆறே தெரு, படகே வண்டி. 1938-இல் இரு நாடுகளையும் இணைக்கும் பாலம் திறக்கப்பெற்றது. எனினும், பெரும்பாலான தீவுகளுக்குப் படகன்றி வேறு வழியில்லை. உப்பு வாங்க மறந்த இல்லத்தலைவி துடுப்பை எடுக்க வேண்டும். இவ்வாற்றிற்கே உரிய சிறு படகு ஒன்றுண்டு. அதன் இரு முனைகளும் கூரியன, எடையும் குறைவு. பாய் விரித்துச் செல்லும்போது அதற்குச் சுக்கான் இல்லை. ஓட்டுபவர் தம் உடலை முன்னும் பின்னுமாக நகர்த்தியே அதைத் திருப்புவர். புதிதாகக் கற்போர் படகைத் திருப்பு முன்னே தாம் நீரில் விழுவதும், கரையிலுள்ளோர் கைகொட்டி நகைப்பதும் இயல்பு.

மீன்பிடிக்கச் செல்வோர் நண்பகலில் ஏதேனும் ஒரு தீவில் இறங்கி அடுப்பு மூட்டுவர். வழிகாட்டியே சமையற்காரரும் ஆவார். பன்றிக் கொழுப்பை உருக்கி, காலையிற் பிடித்த மீனை அதிற் பொரிப்பார். உருளைக்கிழங்கும் மக்காச்சோளக் கதிரும் வேகும். முடிவில், முட்டையில் தோய்த்த ரொட்டியை அதே கொழுப்பிற் பொரித்து, மேப்பிள் மரத்துப் பாகு ஊற்றித் தருவார். உண்டவர் உடனே படகேறுவது அரிது.

மாலையில் தாழ்வாரத்தில் அமர்ந்து கப்பல் பார்ப்பது பெரும் பொழுதுபோக்கு. 1959-இல் கப்பல் வழி திறக்கப்பட்டதுமுதல், 225 மீட்டர் நீளமுள்ள பெருங்கப்பல்களும் இக்குடில்களின் முன்னே ஊர்ந்து செல்கின்றன. சிறுவர் கைகளை வீசுவர். சிற்சில வேளை மாலுமி மூன்று நெடிதும் இரண்டு குறிதுமாக ஊதி வணக்கம் செலுத்துவார். அன்றிரவு அச்சிறுவர்க்கு உறக்கம் ஏது?

இவ்வின்பத்திற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. விடுதித் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டிய ஜார்ஜ் போல்ட், தம் மனைவிக்காக 1900-இல் இதயத் தீவில் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். 1904-இல் மனைவியார் மறைந்தார். வேலையும் அன்றே நின்றது. 73 ஆண்டுகள் அம்மாளிகை ஆளின்றிக் கிடந்தது. அருகிலிருந்த சிறு குடில்களிலோ ஆண்டுதோறும் நகையொலி எழுந்தவண்ணம் இருந்தது.

ஆனால் ஆறு எந்நாளும் விளையாட்டுத் தோழன் அன்று. 2017-இல் மழையும் பனியுருகு நீரும் சேர்ந்து, ஒன்டாரியோ ஏரியின் நீர்மட்டம் அதற்குமுன் அளந்தறியாத உயரத்தை எட்டியது. 2019-இல் அதனையும் விஞ்சியது. படகுத்துறைகள் மூழ்கின, கரையோர வீடுகளைக் காக்க மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டன. ‘ஆற்றின் கீழ்ப்புறத்து அணையை முழுதும் திறந்துவிட்டால் என்ன?’ என்று பலர் சினந்து கேட்டனர். அவ்வேளையில் ஒட்டாவா ஆறும் பெருக்கெடுத்து, மாண்ட்ரியல் நகரருகே இவ்வாற்றிற் கலந்துகொண்டிருந்தது. மேலுள்ளோர் துயர் தீர நீரை விட்டால், கீழுள்ளோர் இல்லங்கள் மூழ்கும். அந்த அணைக்காகவே 1958-இல் கனடாக் கரையின் ஊர்கள் பல நீருள் மறைய, ஏறத்தாழ 6,500 மக்கள் குடிபெயர்ந்தனர். ஆதலால், 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமைந்த இரு நாட்டுக் கூட்டு ஆணைக்குழு, இரு பக்கத்தார் துன்பத்தையும் சீர்தூக்கியே நீரை விட வேண்டியிருந்தது.

இலையுதிர்காலம் நெருங்கியதும் குடில்கள் அடைக்கப்படும். குழாய்களிலுள்ள நீரைச் சொட்டின்றி வடித்துவிடுவர். ஏனெனில், நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிந்து குழாயைப் பிளந்துவிடும். படகுகள் கரையேறும். அண்டை வீட்டார் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்று, ‘அடுத்த வேனிலிற் காண்போம்’ என்று பிரிவர்.

மாணவர்களே! ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு மேலும் ஒரு வீடு உண்டு. கீழும் ஒரு வீடு உண்டு. தம் படித்துறையில் மகிழ்ந்து விளையாடும்போதே, தம் முன்னே ஓடும் நீர் நாளை வேறொருவர் வாயிலை அடையும் என்பதையும் எண்ணுபவரே ஆற்றின் நல்ல அண்டை வீட்டாராவர்.