கல்லூரிக்கு ரேங்க் போடுகிறார்கள்: நாம் எதைப் பார்ப்பது?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் பேச்சுக்கு நடுவே இன்னொரு பேச்சும் வந்துவிடும். "பொண்ண எந்தக் காலேஜ்ல சேர்க்கறதுங்க? அந்தக் காலேஜு நல்ல ரேங்க்குன்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா?" பள்ளிபாளையம், வெப்படை, ஆலாம்பாளையம், ஓடப்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் எங்களிடம் கேட்கிற கேள்வி இது. நோட்டீஸிலும் பஸ் விளம்பரத்திலும் ஒரு நம்பர் பெரிசாகப் போட்டிருக்கும். அந்த நம்பரை நம்பி நான்கு வருஷத்துக்குக் கடன் வாங்கலாமா என்பதுதான் நம் வீட்டுக் கவலை. ஆகவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

நமக்குத் தெரிந்த தரம் பிரித்தல்

தரம் பிரிப்பது நமக்குப் புதுசு இல்லை. குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் நம் குழுவையும் தரம் பிரித்தார்கள். கூட்டம் தவறாமல் நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் கொடுக்கிறோமா, தவணை திரும்புகிறதா, பதிவேடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டார்கள். அதை வைத்துத்தான் சுழல்நிதியும் வங்கிக் கடனும் வந்தன.

அந்த மார்க் எதற்குப் பதில்? "இந்தக் குழுவுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா?" என்று வங்கி கேட்ட கேள்விக்குப் பதில். குடிக்கிற புருஷனிடமிருந்து ஓர் உறுப்பினரைக் காப்பாற்றிய குழுவுக்கு அதில் மார்க் கிடையாது. ஆதரவற்ற பெண்களையே சேர்த்து நடத்தும் குழு தவணையில் கொஞ்சம் தடுமாறினால் மார்க் குறையும். அதனால் அது மோசமான குழு ஆகிவிடுமா? கல்லூரி ரேங்க்கையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கேள்வி யாருடையது என்று தெரிந்தால்தான் பதில் நமக்கு உதவுமா என்று சொல்ல முடியும்.

மூன்று வேறு வேறு விஷயங்கள்

விளம்பரங்களில் மூன்று விஷயங்களைக் கலந்து போடுகிறார்கள். நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மத்திய அரசின் தேசியத் தரவரிசை. என்.ஐ.ஆர்.எஃப். என்பார்கள். 2015-ல் அறிவித்து, 2016-ல் முதல் பட்டியல் வந்தது. இதுதான் 'எத்தனாவது இடம்' என்று சொல்வது. விண்ணப்பித்த கல்லூரிகள் மட்டுமே இதில் போட்டியிடும்.

இரண்டு, 'நாக்' தரச்சான்று. இதில் இடம் கிடையாது. ஏ, பி என்று கிரேடு மட்டும்.

மூன்று, தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்பு இன்ஜினியரிங் கல்லூரிகளில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் பாஸானார்கள் என்று செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் பரீட்சையைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

100 மார்க்கை எப்படிப் பிரிக்கிறார்கள்?

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் இன்ஜினியரிங் கல்லூரிக்கு மார்க் இப்படிப் போகிறது. கற்பித்தல், ஆசிரியர், வசதிகளுக்கு 30. ஆராய்ச்சிக்கு 30. படித்து முடித்தவர்கள் நிலைக்கு 20. எல்லோரையும் அரவணைப்பதற்கு 10. வெளியில் உள்ள நல்ல பெயருக்கு 10. கலை அறிவியல் கல்லூரி என்றால் கற்பித்தலுக்கு 40, ஆராய்ச்சிக்கு 15, முடித்தவர்கள் நிலைக்கு 25. மற்ற இரண்டும் அதே 10, 10.

நிதானமாகப் பாருங்கள். ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது 'அரவணைப்பு' என்கிற அந்த 10-க்குள் வருகிறது. அதே 10-ஐ வெளிமாநில மாணவர், பெண்கள், மாற்றுத்திறனாளி வசதி எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. தறி ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்து, தட்டுத் தடுமாறிய இங்கிலீஷைத் திருத்தி, டிகிரியோடு அனுப்புகிற கல்லூரிக்கு அந்த உழைப்புக்கென்று தனி மார்க் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 30 இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. நாட்டுக்கு அது வேண்டும். ஆனால் "என் பொண்ணு இங்கே படித்தால் தேறுவாளா?" என்பது நம் கேள்வி. அதற்கு அந்த 30 நேரடியாகப் பதில் சொல்லாது.

இடமும் நிலையாக நிற்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரி 2023 பட்டியலில் நாட்டிலேயே 3-வது இடம். 2024-ல் முதல் 10-லேயே இல்லை. ஒரே வருஷத்தில் அங்கே பாடம் நடத்துவது அவ்வளவு கெட்டுப் போயிருக்குமா? மற்றவர்கள் மார்க் கொஞ்சம் ஏறினாலும் நம் இடம் இறங்கும். ரேங்க்கின் குணம் அது.

தகவலைக் கொடுப்பது யார்?

நம் குழுவைத் தரம் பிரிக்க ஆள் நேரில் வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலுக்குப் பெரும்பாலான விவரங்களைக் கல்லூரிகளே எழுதிக் கொடுக்கின்றன. அதைச் சரியாகச் சோதிப்பதில்லை என்று தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 மார்ச்சில் அந்த ஆண்டுப் பட்டியலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு 2025 செப்டம்பரில் பட்டியல் வெளிவந்தது.

ஆசிரியர் கணக்கிலும் தில்லுமுல்லு வெளிப்பட்டிருக்கிறது. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல இன்ஜினியரிங் கல்லூரிகளில் முழுநேர வேலை செய்வதாகக் காட்டியிருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் வந்தன. 'நாக்' கிரேடுக்காக லஞ்சம் வாங்கியதாக 2025 பிப்ரவரியில் ஆய்வுக்குழுவினரை சி.பி.ஐ. கைது செய்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பட்டியலில் 2-வது இடத்தில் இருந்தது. கொடுத்த விவரங்கள் தவறு என்று 2022-ல் அங்கேயே வேலை பார்க்கிற கணக்குப் பேராசிரியர் ஒருவர் எடுத்துக் காட்டினார். அடுத்த பட்டியலில் 18-வது இடத்துக்கு இறங்கியது.

நாமக்கல் சொல்லும் பாடம்

ரேங்க் என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன நாமக்கல், ஸ்டேட் ரேங்க்குக்கும் பேர் வாங்கியது. 'பிராய்லர் பள்ளி' என்ற பேரும் சேர்ந்தே வந்தது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்தால் பிளஸ் டூவில் மார்க் வரத்தான் செய்யும். அதில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, பொறுக்கி எடுத்ததன் பலன் எவ்வளவு என்று ரேங்க் சொல்லாது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம், பள்ளிகளுக்கு விளம்பரம் என்று ஆகிப்போனதால் 2017-ல் தமிழக அரசு மாநில, மாவட்ட முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது.

கல்லூரியிலும் இதே கதைதான். 195 கட்-ஆஃப் பிள்ளைகள் சேருகிற இடத்தில் எல்லோரும் பாஸாவதும், 100 கட்-ஆஃப் பிள்ளைகள் சேருகிற இடத்தில் பாதிப் பேர் பாஸாவதும் ஒரே தராசில் வைக்கிற விஷயம் அல்ல.

ரேங்க்கோடு கடன் சேர்ந்துவிட்டது

இதுவரை பெருமைப் பேச்சு. இனி பணப் பேச்சு. 2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. நல்ல திட்டம்தான். ஆனால் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முதல் 100-க்குள் வரும் நிறுவனங்கள், 101 முதல் 200 வரை வரும் மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு மட்டும். தொடங்கும்போது நாடு முழுக்க 860 நிறுவனங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அதுவும் கிடையாது.

இது நியாயமா? இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்போம்.

நியாயம் என்பவர்கள் சொல்வது: மோசமான கல்லூரிக்குக் கடன் கொடுத்தால் வேலை கிடைக்காமல் பிள்ளை தலையில்தான் கடன் நிற்கும். நல்ல இடம் பார்த்துக் கொடுப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஊர் பேர் தெரியாத காலேஜில் சேர்த்துவிட்டு இன்னமும் தவணை கட்டுகிற வீடுகள் நம் கூட்டமைப்பிலேயே உண்டு.

நியாயம் இல்லை என்பவர்கள் சொல்வது: டியூஷனும் கோச்சிங்கும் வைத்து மார்க் வாங்கிய பிள்ளைதான் முன்வரிசைக் கல்லூரிக்குப் போகிறது. சலுகைக் கடனும் அங்கேயே போகிறது. பக்கத்து அரசுக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு அது எட்டாது.

எங்கள் கருத்து இது. மோசமான கல்லூரியை ஒதுக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் 100-வது இடத்துக்கும் 101-வது இடத்துக்கும் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் சலுகை, அந்தப் பக்கம் இல்லை என்பது சரியான அளவுகோல் அல்ல. சேரும்போது பிள்ளை எந்த நிலையில் இருந்தது, முடிக்கும்போது எந்த நிலைக்கு வந்தது என்று பார்க்கும் அளவுகோல் வேண்டும். கிராம சபையிலும் வங்கியாளர் கூட்டத்திலும் நாம் இதைக் கேட்கலாம்.

பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் கடனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கந்துவட்டிக்கும் மைக்ரோ பைனான்ஸுக்கும் போவதற்கு முன் வங்கியில் எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு மட்டும். 'அ' கல்லூரி ரேங்க் உள்ளது, வெளியூர். கட்டணம் 85,000, விடுதி 75,000. வருஷம் 1,60,000. நான்கு வருஷத்துக்கு 6,40,000 ரூபாய். 'ஆ' கல்லூரி பட்டியலில் இல்லை, பக்கத்து ஊர். கட்டணம் 50,000, பஸ் 12,000. வருஷம் 62,000. நான்கு வருஷத்துக்கு 2,48,000 ரூபாய். வித்தியாசம் 3,92,000. தறிக் கூலி வாரம் 3,000 என்று வைத்துக்கொண்டால் 130 வாரக் கூலிக்கு மேல். இரண்டரை வருஷ உழைப்பு. 'அ' கல்லூரி அந்த அளவுக்குக் கூடுதலாக எதையாவது தருகிறதா? தந்தால் தாராளமாகச் சேருங்கள். தராவிட்டால் அந்தப் பணம் நம்பருக்குக் கொடுக்கும் விலை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளையாக இருந்தால் கணக்கே மாறும். 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. எந்தப் பட்டியல், எந்த வருஷம், எந்தப் பிரிவில் இந்த ரேங்க்?
2. என் பிள்ளை சேரப்போகும் டிபார்ட்மெண்டில் போன வருஷம் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் பாஸ்?
3. வேலை கிடைத்தது என்கிறார்களே, மொத்தம் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? சம்பளம் எவ்வளவு?
4. நான்கு வருஷத்துக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது கொடுப்பார்களா?
5. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அங்கே படித்தவர்கள் மூன்று பேரையாவது பார்த்துப் பேசினோமா?
6. பெண் பிள்ளைக்கு விடுதி, பஸ், கழிப்பறை வசதி நேரில் பார்த்தோமா?
7. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பார்களா? வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது.

குழுவில் பேசுங்கள்

ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, கீழ்க்கண்டவற்றைப் பேச வைக்கவும். நம் குழுவுக்கு நாமே தரம் போட்டால் எந்த ஐந்து விஷயத்துக்கு மார்க் கொடுப்போம்? அதே மாதிரி கல்லூரிக்கு என்றால் எந்த ஐந்து? நம் குழுவில் கல்லூரி முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது என்ன செய்கிறார்கள்? பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கல்லூரிப் பேரோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எல்லாக் குழுக்களின் விவரமும் சேர்ந்தால், அடுத்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கப் போகும் அம்மாக்களுக்கு அதுவே ஒரு பட்டியலாக இருக்கும். அதில் கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது.