வானம் மாறினால் ஊர் என்ன செய்யும்?
நவரைக்கு முன் ஒரு தண்ணீர்க் கணக்கு

வாலாஜாபேட்டை வட்டார விவசாயிகள் இருவகைக் காலத்தையும் கண்டவர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2021 நவம்பரிலோ பாலாறு இரு கரை புரண்டு ஓடியது. பருவநிலை மாறி வரும் இந்நாளில் இத்தகைய ஏற்ற இறக்கம் இனியும் வரும்.

மழை எவ்வளவு மாறும் என்பதோடு விஞ்ஞானிகள் நிற்பதில்லை. மாறினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை ஊர் அமைக்கப்படுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு விவசாயிக்கும் நிலம், கிணறு, கடன், அண்டை வீட்டாரைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் ஆகியவை தரப்படுகின்றன. பிறகு பல ஆண்டு மழையை அவ்வூரில் பெய்யவிட்டுப் பார்க்கிறார்கள். இதன் சாரத்தைப் பென்சிலும் தாளும் கொண்டே அறியலாம்.

ஊர்க் கணக்கு

கிணற்றுப் பாசனம் மட்டுமே உள்ள 300 ஏக்கர் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்க. அங்கு 30 கிணறுகள். கடினப் பாறைப் பகுதியில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நிலத்தடியில் சேரும். 100 செ.மீ. மழை பெய்தால் 10 செ.மீ. சேரும். 300 ஏக்கருக்கு இது 3,000 ஏக்கர் செ.மீ. (ஒரு ஏக்கர் செ.மீ. என்பது சுமார் 40,000 லிட்டர்.)

நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 120 செ.மீ. நீர் வேண்டும், வேர்க்கடலைக்குச் சுமார் 50 செ.மீ. போதும். ஆகவே:

நல்ல மழையில் (100 செ.மீ.): நெல் 25 ஏக்கர், அல்லது கடலை 60 ஏக்கர்.

குறைந்த மழையில் (60 செ.மீ.): நெல் 15 ஏக்கர், அல்லது கடலை 36 ஏக்கர்.

முப்பது பேரும் நவரையில் ஆளுக்கு ஒரு ஏக்கர் நெல் நட்டால் குறைந்த மழை ஆண்டில் பாதிப் பயிர் காயும். அப்போது ஒருவர் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறார். அவர் பயிர் பிழைக்கிறது. பக்கத்துக் கிணறு வற்றுகிறது. அடுத்த ஆண்டு பக்கத்துக்காரரும் போடுகிறார். ஒவ்வொருவர் முடிவும் அவரவருக்கு நியாயமே. ஆனால் ஆழம் கூடுவதால் மழை கூடுவதில்லை. ஆண்டுதோறும் சேரும் நீர் அதே 1,800 ஏக்கர் செ.மீ.தான். பழைய சேமிப்பு தீர்ந்தபின் மிஞ்சுவது கடன் ஒன்றே.

அதே முப்பது பேரும் கூடிப் பேசி ஆளுக்கு ஒரு ஏக்கர் கடலை போட்டால் தேவை 1,500 மட்டுமே. ஒருவர் பயிரும் காயாது. 300 மீதியும் நிற்கும். தனித்தனியாகச் சமாளிப்பதற்கும் ஊராகச் சமாளிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செய்ய வேண்டியவை

1. கார்த்திகைக் கடைசியில் ஊரிலுள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து எழுதி வைக்கவும். முந்தைய ஆண்டு அளவோடு ஒப்பிட்ட பின்னரே நவரை நெல் பரப்பை முடிவு செய்யவும்.

2. மட்டம் தாழ்ந்திருந்தால் மார்கழி, தை மாதங்களில் வேர்க்கடலை விதைக்கலாம். பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் ஆகியவற்றில் நீர் தட்டக்கூடாது. 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கவும்.

3. தோல் பதனிடும் கழிவால் உப்பேறிய கிணறுகள் இப்பகுதியில் உண்டு. அத்தகைய நீரைக் கடலை தாங்காது. கேழ்வரகு ஓரளவு தாங்கும். விதைக்குமுன் நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

4. வெள்ளம் வரும் ஆண்டே சேமிக்கும் ஆண்டு. வாலாஜா அருகிலுள்ள பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்கு நீர் தருகின்றன. ஏரி நிரம்பினால் அதன் கீழுள்ள கிணறுகளும் ஊறும். எனவே மழைக்கு முன்பே வரத்துக் கால்வாய்களைத் தூர் வாரி வைக்க வேண்டும்.

மேற்கண்ட அளவுகள் மண்ணுக்கு மண் மாறும். நெல் வயலிலிருந்து ஒரு பகுதி நீர் மீண்டும் நிலத்தில் இறங்குவதும் உண்டு. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. புதிய ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கேட்குமுன், பக்கத்துக் கிணற்றுக்காரரோடு உட்கார்ந்து ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது இருவருக்கும் நன்மை தரும்.