ஆளுமை என்பது யாது?



"உங்கள் பிள்ளைக்கு நல்ல பேர்சனாலிற்றி" என்று பிறர் கூறக் கேட்டால் நாம் மகிழ்கிறோம். அச்சொல் எதனைக் குறிக்கின்றது என வினவின், கவர்ச்சியான தோற்றம், நல்ல உடை, கூச்சமற்ற பேச்சு ஆகிய மூன்றையே பலரும் கூறுவர். இதனால் அமைதியான பிள்ளையின் பெற்றோர், "எங்கள் பிள்ளைக்கு ஆளுமை போதாது" எனக் கவலையுறுகின்றனர். அதனைக் கேட்கும் பிள்ளையும் தன்னைத் தாழ்வாக எண்ணத் தொடங்குகின்றது. இக்கவலை தேவைதானா என்பதை ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பேர்சனாலிற்றி என்னும் சொல், 'பெர்சோனா' என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நடிகர் அணியும் முகமூடியே அதன் பொருள். நம் சொல்லோ 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. நாட்டை ஆள்பவன் அரசன். தன் நேரத்தையும், நாவையும், சினத்தையும், அச்சத்தையும் ஆள்பவன் ஆளுமை உடையவன். முகமூடி பிறர் காண்பதற்கானது. ஆளுதல் உள்ளே நிகழ்வது. அவ்வாறு ஆண்டு, நின்ற இடத்தில் நில்லாது நாளும் வளர்பவனையே ஆற்றல்மிகு ஆளுமை உடையவன் என்கிறோம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்கள், 60 முதல் 63 வரை, அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலில் உள்ளத்தில் எழுச்சி வேண்டும்; அதனைச் சோம்பல் கெடுக்காதிருக்க வேண்டும்; எழுச்சி விடாமுயற்சியாக மாற வேண்டும்; முயற்சிக்கு இடையூறு நேரின் மனம் உடையாதிருக்க வேண்டும். இவற்றுள் தோற்றத்துக்கோ உரத்த குரலுக்கோ தனி அதிகாரம் இல்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். ஆங்கிலவழிக் கல்வி பெற்று, உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர். தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்கத் தொடங்கியது, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்திலேயே. அப்போது அவருக்கு வயது 27ஐக் கடந்திருந்தது. பின்னர் 1945இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர், தம்மினும் இளையோருடன் ஒரே வகுப்பில் அமர்வதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும்!

1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழின் பெருமையை உலகறியச் செய்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை மீண்டும் பதிப்பித்தார். காலந்தாழ்த்தித் தொடங்கியவர், பிறர் தொடங்காத பணிகளைத் தொடங்கி வைத்தார். 1980இல் அவர் மறைந்தார். அவர் உருவாக்கத் துணைநின்ற மன்றம் அவருக்குப் பின்னரும் மாநாடுகளை நடத்தியது.

நம் பிள்ளைகள்

மாணவர்களே! எட்டு வயதில் தமிழ் எழுத்து வரவில்லை, பன்னிரண்டு வயதில் ழகரம் நாவில் புரளவில்லை என்று கடைசி வாங்கில் ஒளிந்துகொள்ளாதீர்கள். மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் தாய் தந்தையருக்காக மொழிபெயர்த்து நிற்கின்றீர்களே, அப்போது உங்களை அறியாமலே ஆளுமை உடையவராய் விளங்குகின்றீர்கள். பெரியோர் துயரைக் கேட்டு, கலங்காது, கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைப்பது எளிய செயலன்று.

பெற்றோர்களே! போர் நம்மிடமிருந்து வீட்டையும் தொழிலையும் பறித்தது. ஊரில் வெண்கட்டி பிடித்த கைகள் இங்கே உணவகங்களில் கோப்பை கழுவின. பதவியே ஆளுமையெனின், அது விமான நிலையத்திலேயே நம்மை விட்டகன்றிருக்கும். விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து, வேலை முடித்து, சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வந்தோமே, அதுவே இடுக்கணழியாமை. பிள்ளைகள் இதனைப் பார்த்தே கற்கின்றனர். ஆகவே, "அந்தப் பிள்ளையைப் பார், மேடையில் எப்படிப் பேசுகிறது!" என்று ஒப்பிடுவதைத் தவிர்ப்போம். மேடையில் பேசும் பிள்ளையைப் பாராட்டுவோம். மேடைக்குப் பின்னால் கதிரைகளை ஒழுங்குபடுத்தும் பிள்ளையையும் அவ்வாறே பாராட்டுவோம்.

பயிற்சி

1. தொடங்கி இடையில் கைவிட்ட ஒரு செயலைத் தெரிந்தெடுத்து, நாள்தோறும் கால்மணி நேரம் அதற்கு ஒதுக்குக.
2. சினம் வரும்போது பத்து எண்ணிய பின் மறுமொழி கூறிப் பழகுக.
3. பெற்றோர் இந்நாட்டில் முதன்முதலாகச் செய்த வேலை பற்றி அவர்களிடமே கேட்டறிந்து, பத்து வசனங்களில் எழுதுக.

மூன்றாவது பயிற்சியைச் செய்து முடித்த பிள்ளைக்கு ஆளுமை என்பது யாது என நாம் விளக்க வேண்டிய தேவை இராது. விழாக் காணும் மாணவச் செல்வங்கள் யாவரும் தம்மைத் தாமே ஆளும் திறன் பெற்று உயர வாழ்த்துகிறோம்.