கைபேசி வழியே பிறமொழியாளருடன் உரையாடும் முறை

தொண்டை நாட்டுப் பழம்பதிகளுள் ஒன்றாகிய குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் எனப் புகழ் பெற்றது. முருகன் கோயில் கொண்ட குன்றும், அணித்தே செம்பரம்பாக்கம் ஏரியும் அமைய, உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்த வட்டாரம் இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010 முதல் ஒரகடத்திலும் பெருந்தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தலைப்பட்டன. வேலை நாடி நம் மாவட்டத்தாரும் தென் மாவட்டத்தாரும் வந்தது போலவே, பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களினின்றும் மக்கள் வந்து குடியேறினர். முன்னாளில் மாட்டுக் கொட்டிலாயிருந்த இடங்களில் இன்று வரிசையாக வாடகை அறைகள் நிற்கின்றன.

ஒரே தெருவில் வாழ்வோர் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் இருப்பது பெருங்குறையாகும். அரிசியும் பருப்பும் வாங்குவதற்குக் கைச்சாடை போதும். ஆனால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது, வலிப்பு வந்ததா, முன்னரே ஏதேனும் மருந்து கொடுத்தாயிற்றா என்பனவற்றைச் செவிலியர் எவ்வாறு கேட்டறிவார்? அவ்விடத்தில் கைச்சாடை பயன்படாது. கூலிக் கணக்கும் அத்தகையதே.

இக்குறையைப் போக்கும் கருவி இன்று பெரும்பாலோர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்புக் கருவியில் 2011-இல் தமிழும், 2020-இல் ஒடியாவும் சேர்க்கப்பட்டன. 2022-இல் போஜ்புரி, மைதிலி, அசாமியம் ஆகியவையும், 2024-இல் சந்தாலியும் சேர்ந்தன. பீகாரினின்று வருவோர் அனைவரையும் இந்திக்காரர் என்று அழைப்பது நம்மவர் வழக்கம். அவர்களுள் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரியும் மைதிலியுமே. ஆதலின், முதலில் வந்தவரிடம் அவருடைய மொழி எதுவென்று கேட்டறிதல் வேண்டும். மைய அரசு 2022-இல் தொடங்கிய பாஷிணி என்னும் கருவியும் இப்பணிக்கென்றே அமைந்தது. இவ்விரண்டிற்கும் கட்டணம் இல்லை. இணைய இணைப்பு மட்டும் வேண்டும். தமிழ் மொழிக்கோப்பினையும், மற்றவர் மொழிக்குக் கோப்பு இருப்பின் அதனையும் முன்னதாகவே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், இணைப்பு இல்லாத இடத்திலும் கூகுள் கருவி எழுத்தளவில் உதவும்.

தட்டச்சு அறியாதவர் இது நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டுவதில்லை. ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் பேச்சு எழுத்தாகும். அவ்வெழுத்து பிறமொழிக்கு மாறும். ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் சில மொழிகளில் கருவியே அதனை உரக்கப் படிக்கும். இவ்வளவும் ஒரு நாழிகையில் கற்கக்கூடியதே. கருவியை இயக்குவதைக் காட்டிலும் கருவியிடம் எவ்வாறு பேசுவது என்பதே நாம் பயில வேண்டிய பாடம். இதனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை.

இக்கருவி மனிதரைப் போல் பொருளை உணர்ந்து பெயர்ப்பதன்று. முன்னரே இரு மொழிகளிலும் அமைந்த ஏராளமான வாக்கியங்களைப் பார்த்துப் பழகி, அப்பழக்கத்தால் ஏற்ற சொற்களைத் தேர்ந்து கோப்பதாகும். அது பழகிய தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழ். ஆகவே, "நாளைக்கி வந்தா குடுக்கறேன், இல்லேன்னா அப்புறந்தான்" என்று பேசினால் அது தடுமாறும். "நாளை காலை வாருங்கள். நான் பணம் தருவேன்" என்று கூறினால் பெரும்பாலும் செவ்வனே பெயர்க்கும். எனவே வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். எழுவாயும் வினைமுற்றும் தவறாது வரட்டும். பழமொழியும் கேலியும் வேண்டா. 'மாலை' என்றால் பொழுதா பூமாலையா, 'ஆறு' என்றால் எண்ணா நதியா என்பதைச் சூழ்ந்துள்ள சொற்களைக் கொண்டே கருவி துணியும். தனிச்சொல்லை மட்டும் கூறினால் தவறு நேர இடமுண்டு.

நாளும் தொகையும் பற்றிய பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். 'பர்சோ' என்பதும் அவ்வாறே, முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் பொதுவானது. வினைமுற்றோடு கூடிய வாக்கியத்தில் காலம் விளங்கிவிடும். ஆனால் தொழிலாளி 'கல் கா பைசா' என்று மட்டும் கேட்டால், அது நேற்றைய கூலியா நாளைய முன்பணமா? கருவி இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐயம் சிறிதுமின்றி நம்மிடம் சொல்லிவிடும். இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ணிப் பூசலிடுவதற்கு இவ்வொரு சொல்லே போதும். 'நேற்று', 'நாளை' என்பவற்றை விடுத்து, '12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை' என்று தேதியும் கிழமையும் கூறுவதே தக்கது.

எண்களிலும் இத்தகைய இடர் உண்டு. இந்தியில் ஒன்றரைக்கு 'டேட்' என்றும், இரண்டரைக்கு 'டாயி' என்றும் தனிச்சொற்கள் வழங்குகின்றன. 'டேட் சௌ' என்றால் 150, 'டாயி ஹஜார்' என்றால் 2,500. அரைகுறையாக இந்தி கேட்டுப் பழகிய நம் கடைக்காரர் 'சௌ' என்ற ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு நூறு என்று முடிவு செய்தல் கூடும். வாடகை, முன்பணம், கூலி ஆகிய எத்தொகையையும் கைபேசித் திரையில் இலக்கத்தில் எழுதிக் காட்டி, மற்றவர் தலையசைத்த பின்னரே மேற்செல்லுதல் வேண்டும்.

பெயர்த்ததைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெயர்த்து வந்த வாக்கியத்தையே மீண்டும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். பொருள் சிதைந்து வருமாயின், நாம் கூறியதை வேறு சொற்களில் அமைத்துக் கூறலாம். ஆயினும் இச்சோதனை எல்லாப் பிழையையும் காட்டிவிடாது. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உட்படுவர். 'நாங்கள்' என்றால் உட்படார். இந்தியில் இரண்டிற்கும் 'ஹம்' என்ற ஒரே சொல்தான். 'நாளை நாம் கோயிலுக்குச் செல்வோம்' என்று வீட்டுக்காரர் அன்போடு அழைத்தும், அழைப்பென்று உணராமல் குடித்தனக்காரர் வெறுமனே புன்னகைத்துச் செல்லக்கூடும். இதனால் கேடு ஒன்றுமில்லை என்றாலும், வருந்தத்தக்கதே.

மருந்து பற்றிய பேச்சில் கருவியின் சொல்லை மட்டும் நம்பி நடத்தல் கூடாது. 'இரண்டு வேளைக்கு இரண்டு மாத்திரை' என்பது தமிழிலேயே இருபொருள் தருவது: வேளைக்கு ஒன்றா, வேளைக்கு இரண்டா? 'காலையில் ஒரு மாத்திரை. இரவில் ஒரு மாத்திரை. உணவுக்குப் பின்' எனப் பிரித்துக் கூறி, மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டி, கேட்டவர் தம் வாயால் திருப்பிச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். இரு மொழியும் அறிந்த ஒருவர் அக்கம்பக்கத்தில் இருப்பின் அவரை அழைத்துக்கொள்வது இன்னும் நன்று. கையொப்பம் கேட்கும் தாள் எதுவாயினும் இதே முறைதான். கருவி பெயர்த்துக் காட்டியதைப் பார்த்து எவரும் கையொப்பமிட வேண்டா. மேலும், பிறர் கைபேசியில் பேசும்போது வங்கிக் கணக்கு எண்ணையோ, ஒருமுறைக் கடவு எண்ணையோ சொல்லலாகாது. பணம் பறிபோயிற்று என்று அறிந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கருவி இல்லாமலே பேசும் நாள் வர வேண்டுமாயின் மொழியைக் கற்பதே வழி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வந்து குடியேறியோரின் பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும் முதல் வகுப்புத் தமிழ் நூலை வைத்து எழுத்தறியலாம். 2001-இல் தொடங்கப்பெற்றுத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என இன்று வழங்கும் அரசு நிறுவனமும் அடிப்படைத் தமிழ்ப் பாடங்களை இணையவழி அளித்து வருகிறது. நம் இளைஞர் பத்து ஒடியாச் சொற்களேனும் கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை.

இவ்வட்டார மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து. குடிநீர், குப்பை, வாடகை, பள்ளிச் சேர்க்கை, காய்ச்சல், பிரசவம் ஆகியவை குறித்து நாள்தோறும் தேவைப்படும் இருபது வாக்கியங்களைத் தமிழில் எழுதி, கருவியால் பெயர்த்து, அம்மொழி அறிந்த தொழிலாளி ஒருவரைக் கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். அத்தாளை மளிகைக் கடையிலும் வாடகை அறைகளின் வாயிலிலும் ஒட்டலாம். படிக்க அறியாதோர்க்கு அதே வாக்கியங்களை அத்தொழிலாளியின் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப் வழியே அனுப்பலாம். தாளின் அடியில், அவசர ஊர்திக்கு 108 என்றும், மருத்துவ ஆலோசனைக்கு 104 என்றும் பெரிய எழுத்தில் அச்சிடுதல் வேண்டும்.