ஏழாவது வாரத்து மஞ்சள்

அன்புள்ள தம்பிக்கு,

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். முதல் நாளிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு லாரி டிரைவர் மருந்து தொடங்கினார். எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை நூறுகூட இல்லை. ஏழாவது வாரம் கண் மஞ்சளித்தது. மாத்திரை ஈரலை அரிக்கிறது என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது வயிறு உப்பியிருந்தது, பேச்சு குழறியது. அந்த அம்மா மேசையில் வைத்த டப்பாவுக்குள் மாத்திரைகள் கலகலத்தன. மஞ்சள் வரலாம், வந்தால் உடனே வாங்க என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஹெபடைட்டிஸ் பி கிருமி ஈரல் செல்லைத் தானாகப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கிருமி புகுந்த செல்லை நம் எதிர்ப்புச் சக்தி தாக்கும்போதுதான் ஈரல் புண்ணாகிறது. எச்.ஐ.வி. அந்தச் சக்தியை ஒடுக்கி வைத்திருக்கும்வரை கிருமி பெருகினாலும் ஈரல் புண்ணைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு அவ்வளவாக ஏறாது. மருந்து தொடங்கி சி.டி.4 ஏறியதும் உடம்பு விழித்துக்கொண்டு ஈரல்மேல் பாய்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் இது நடக்கும். பலருக்கு மாத்திரையைத் தொடரும்போதே தணிந்துவிடும். ஈரல் ஏற்கெனவே சுருங்கியவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

காசநோய் மாத்திரை, சாராயம், நெவிரபின் போன்ற மருந்துகளாலும் இதே மஞ்சள் வரும். எது என்று பிரித்தறிவதும், எதை நிறுத்துவது என்று முடிவெடுப்பதும் டாக்டர் வேலை. எச்.ஐ.வி. மருந்துகளில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் இரண்டு கிருமிகளையும் பிடித்து வைப்பவை. திடீரென்று விட்டால் ஹெபடைட்டிஸ் பி மறுபடி சீறும். அந்த டிரைவருக்கு நடந்தது அதுதான். 2004-ல் அரசு இலவச மருந்து தொடங்கியபோது பலருக்கு லாமிவுடின் மட்டுமே ஹெபடைட்டிஸ் பி-க்குக் காவல். போகப்போக அதற்குக் கிருமி பணியவில்லை. அதனால் மற்ற மருந்துகளை மாற்றினாலும் டெனோஃபோவிரை எளிதில் எடுக்க மாட்டார்கள்.

கீழாநெல்லியைக் கேலி செய்யாதே. 1988-ல் சென்னை ஆய்வொன்றே அதன்மேல் நம்பிக்கை ஊட்டியது. பின்வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை என்று பொறுமையாகச் சொல். குடித்திருந்தால் உன்னிடம் மறைக்காத அளவுக்குப் பழகு.

தூக்கக் கலக்கம், குழறல், ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பு. கண்ணைப் பார்க்க ஆளை வாசலுக்கு அழைத்துப் போ. டியூப் லைட்டில் மஞ்சள் தப்பிவிடும், பகல் வெளிச்சத்தில் தெரியும்.

அன்புடன்,
அக்கா