யோசஃப் பேம் கோழையா?

கேள்வி: எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ நாவலில் வகுப்பே பட்டாளத்தில் சேரக் கிளம்பும்போது யோசஃப் பேம் மட்டும் தயங்குகிறான். அவன் கோழையா, அல்லது போரின் பொய்யை முதலில் கண்டுகொண்டவனா? எங்கள் வாசிப்பு வட்டம் இரண்டு கட்சியாக நிற்கிறது.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு கட்சிக்கும் நாவலில் சாட்சி இல்லை. பேம் ஏன் தயங்கினான் என்று ரெமார்க் சொல்லவே இல்லை. குண்டான, சாதுவான பையன் என்பதோடு சரி. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். காரணம் கொடுத்திருந்தால் அது பேமின் சொந்தக் கருத்தாகச் சுருங்கியிருக்கும்.

அந்த இடத்தில் இன்னும் ஓரிரு வரி கீழே போய்ப் பாருங்கள். மற்றவர்களிலும் பலருக்கு அதே நினைப்பு இருந்திருக்கலாம் என்கிறான் கதைசொல்லி பால். பெற்றவர்களே ‘கோழை’ என்று சொல்லத் தயாராக இருந்த காலம். மற்றவர்கள் தயக்கத்தை விழுங்கிவிட்டார்கள், இவன் முகத்தில் அது தெரிந்துவிட்டது. ஆசிரியர் கான்டோரெக் (மூஞ்சூறு முகம் என்கிறது நாவல், பொருத்தம்தான்) உடற்பயிற்சி நேரத்தில் உபதேசித்தே எல்லோரையும் ராணுவ அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுகிறார்.

முதலில் செத்தவர்களில் பேம் ஒருவன். கண்ணில் அடிபட்டவனை இறந்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிட்டு ஓடிவருகிறார்கள். பிற்பகலில் அவன் குரல் கேட்கிறது. பார்வை போய், வலியில் புத்தி பேதலித்து, மறைவில் பதுங்காமல் வெட்டவெளியில் தவழ்கிறான். தூக்கிவர ஆள் போவதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

‘பயந்தது பலித்தது’ என்று இங்கே முடிச்சுப் போடாதீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் கான்டோரெக்கையே பட்டாளத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். அவரைக் கவாத்து வாங்கும் பழைய மாணவன் மிட்டல்ஷ்டெட், பேமின் கணக்கை முகத்துக்கு நேரே சொல்கிறான்: முறைப்படி அழைப்பு வருவதற்கு மூன்று மாதம் முந்திச் செத்தான், நீங்கள் இல்லாவிட்டால் அந்த மூன்று மாதம் வாழ்ந்திருப்பான். உறுதியாக மறுத்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அவ்வளவுதான். கட்டாய ராணுவச் சேவை அப்படி. ரெமார்க்கே 1916-இல், 18 வயதில், அப்படி இழுக்கப்பட்டவர்தான்.

அதனால் பேமை வீரனாகவும் ஆக்க வேண்டாம், ஞானியாகவும் ஆக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அந்த ஏழாம் அத்தியாயக் காட்சியை யாராவது உரக்கப் படியுங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.